ஸ்டான்லி தெற்கே திரும்பிய காலை

ஸ்டான்லி செய்யூர்ப் பக்கத்துக் காலனியில் பிறந்தவன். சவுக்குத் தோப்பில் மரம் வெட்டினான், கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டினான். முப்பத்தாறாவது வயதில் ஒரு செய்தி சேனலுக்கு வாடகைக் கார் ஓட்டும் வேலை கிடைத்தது. அவன் அம்மா காசியம்மாள் அன்றிலிருந்து செய்திகளை விடாமல் பார்த்தாள். படத்தின் ஓரத்தில் எங்காவது மகனின் கார் தெரிகிறதா என்று தேடுவாள்.

புயல் கரையைக் கடந்த அன்று நிருபர் பிரதீபாவையும் கேமராமேன் ஹேமந்தையும் கேளம்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு அழைத்துப் போனான். அடித்தளத்தில் கார்கள் மிதந்தன. நாள் முழுக்கச் சேனலில் அந்தக் கார்கள்தான். மறுநாள் காலை அம்மா போன் செய்தாள்.

“ஏரி ஒடஞ்சிட்சிடா. இஸ்கூல் மாடில கீறோம். நீ வராத, வூடெல்லாம் தண்ணி.”

அதோடு போன் அணைந்துவிட்டது.

“மேடம், எங்கூருக்கு ஒருதபா போயி காட்டலாம் மேடம்” என்று கேட்டான். பிரதீபா அலுவலகத்துக்குப் பேசினாள். பிறகு தயங்கியபடி சொன்னாள்: “மாமல்லபுரத்துல அலையக் காட்டச் சொல்றாங்க ஸ்டான்லி. அந்தப் பக்கம் அவ்வளவா யாரும் பாக்க மாட்டாங்களாம்.”

மூன்றாம் நாள் காலை மாமல்லபுரத்தில் வேலை முடிந்தது. சென்னைக்குத் திரும்பச் சொன்னார்கள். காரில் ஏறியதுமே இருவரும் தூங்கிப்போனார்கள். பிரதான சாலைக்கு வந்ததும் ஸ்டான்லியின் கைகள் வண்டியைத் தெற்கே திருப்பின. திருப்பிய பிறகுதான் அவனுக்கே அது தெரிந்தது. அவன் வண்டியை நிறுத்தவில்லை.

மழை விட்டிருந்தது. அணுபுரத்தைத் தாண்டினான், பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினான். அதற்கப்புறம் தரையே இல்லை. சவுக்கு மரங்கள் மேலே ஒரு வானத்துக்கும் கீழே ஒரு வானத்துக்கும் நடுவில் நின்றன. சாலை ஒரு கறுப்புக் கோடாக மேகங்களுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாரை காருக்குக் கீழே பறப்பதுபோல் தண்ணீரில் தெரிந்தது. தன் ஊர் இவ்வளவு அழகாக இருந்து அவன் பார்த்ததில்லை.

பிரதீபா கண் விழித்தாள். “இது எந்த ரோடு?”

“எங்கூரு ரோடு மேடம். திட்டணும்னா திட்டிக்கங்க.”

அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கி வெளியே பார்த்தாள். “ஹேமந்த், எழுந்திரு. கேமராவ எடு” என்றாள்.

கார் நின்ற இடத்திலிருந்து இடுப்பளவு தண்ணீரில் நடந்தார்கள். பள்ளிக்கூட மாடியில் அறுபது பேர் இருந்தார்கள். காசியம்மாள் மகனின் தலையைத் தடவிவிட்டு பிரதீபாவைப் பார்த்தாள்.

“இன்னாம்மா, எதுனா சாப்ட்டியா?”

வந்தவர்களைக் கஞ்சி குடிக்கவைத்து, தானும் குடித்த பிறகுதான் காசியம்மாள் மைக்கைப் பிடித்தாள். “கரெண்டு போற வரிக்கும் டிவி பாத்தோம். மெட்ராஸ்ல தண்ணி, மெட்ராஸ்ல தண்ணின்னாங்க. ஐயோ பாவம்னு தான் பாத்துகினு இருந்தோம். இங்க வந்தது மட்டும் இன்னா, தண்ணி இல்லியா?”

மதியச் செய்தியில் அது இருபது நொடி வந்தது. ‘மாமல்லபுரம் அருகே’ என்று போட்டார்கள். பிரதீபா அலுவலகத்தோடு மூன்று முறை சண்டை போட்டாள். இரவுச் செய்தியில் ஊரின் பெயர் வந்தது, எழுத்துப் பிழையோடு. மறுநாள் தாலுகா ஆபீஸ் ஜீப் அரிசியும் தார்ப்பாயும் கொண்டுவந்தது. செய்தியைப் பார்த்து வந்தார்களா, தானாக வந்தார்களா, யாருக்கும் தெரியாது. நான்தான் போகச் சொன்னேன் என்று பிரதீபா எவ்வளவோ சொல்லியும் காரின் உரிமையாளர் ஸ்டான்லியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

ஆறாம் நாள் தண்ணீர் வடிந்து மின்சாரம் வந்தது. சேறு நாறும் வீட்டில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போனில் அந்த இருபது நொடியைக் காட்டினான். அவள் கேட்ட கேள்வி அதில் இல்லை. முந்தானையால் முகத்தை ஒற்றுவதும் சோகமான இசையும் மட்டும் இருந்தன.

“நான் எங்கடா அழுதேன்? கஞ்சி குட்ச்சி வேர்த்துச்சின்னு மூஞ்ச தொடச்சேன்.”

“அப்டிதான்மா போடுவாங்க.”

“இன்னொருக்கா போடு.”

இரண்டாம் முறை அவள் தன்னைப் பார்க்கவில்லை. படத்தில் தன் தோளுக்குப் பின்னால், தூரத்தில், ஒரு குட்டிச்சுவரின் மேல் நின்ற வெள்ளைப் புள்ளியில் விரல் வைத்தாள்.

“டேய், இது பக்கத்து வூட்டு வேண்டாவோட ஆடு! செத்துப்போச்சுன்னு அழுதுகினு கீறாளே!”

செருப்பைக்கூடப் போடாமல் காசியம்மாள் வெளியே இறங்கி, வேண்டாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி சேற்றில் நடந்தாள். ஸ்டான்லி போனைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான்.