பத்தரை மணி கரண்ட்

மூன்றாவது நாளும் பத்தரை மணிக்குத் தேன்மொழி சுவிட்சைத் திருப்பினாள். மூன்றாவது நாளும் கரண்ட் நிலைக்கவில்லை. ஆம்பியர் முள் ஒரே எகிறு எகிறி ஓரத்தில் முட்டியது. பிரேக்கர் தானாகத் திறந்துகொண்டது. மின்னழுத்தம் சரிந்ததில் ஏரிக்கரைச் சோலார் நிலையமும் அணைந்துபோனது. அவள் பதிவேட்டில் நேரத்தை எழுதினாள்.

வெதுருகுப்பத்துக்கு அருகில் உள்ள துணைமின் நிலையத்தில் அவள் ஷிஃப்ட் ஆபரேட்டர். வயது முப்பத்தாறு. ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படித்து ஒப்பந்த வேலைக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. கூலிக்குப் போன குடும்பத்தில் முதல் மாதச் சம்பளக்காரி அவள்தான்.

இந்தப் பத்தரை மணி ஏற்பாடு திருப்பதியிலிருந்து வந்தது. அங்கே ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் சுதீர், இந்த லைனில் இருக்கும் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள் ஏற்றி அதன் மாதிரி ஒன்றைச் செய்திருந்தான். எந்தக் கம்பியில் எவ்வளவு மின்சாரம் ஓடினால் வீணாவது குறையும், மின்னழுத்தம் எங்கேயும் சரியாமல் இருக்கும் என்று அது கணக்குப் போடும். வீட்டு விளக்கும் ஆஸ்பத்திரி ஃப்ரிட்ஜும் காத்திருக்க முடியாது. பம்புசெட் ஒன்றிரண்டு மணி நேரம் காத்திருக்கும். எனவே சோலார் ஏறும் நேரத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பம்புசெட்டையும் நகர்த்திவிட்டால், இங்கே விளையும் மின்சாரம் இங்கேயே செலவாகும். சோதனை ஒரு மாதம். தேறினால் பகல் கரண்ட் நிலைக்கும். தேறாவிட்டால், முறை வரும்போதெல்லாம் பழையபடி விடிகாலை நாலு மணி கரண்ட்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், நாலு மணி கரண்டில்தான் உதயா போனான். அவள் புருஷன். இருட்டில் செல்போன் வெளிச்சத்தோடு கழனிக்குப் போய், ஈரமாக இருந்த ஸ்டார்ட்டரில் கை வைத்தான். அன்று நாலு மணிக்குக் கரண்ட் விட்டவள் தேன்மொழி. ஷிஃப்ட் மாறும்போதுதான் அவளிடம் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு ஒரே மாதத்தில் ஊர் முழுக்க ஆட்டோ ஸ்டார்ட்டர் பெட்டி ஏறிவிட்டது. கரண்ட் வந்ததும் மோட்டாரைத் தானாக ஓட்டிவிடும் பெட்டி. யாரும் இருட்டில் போக வேண்டாம். கூடாது என்று கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ் ஒட்டியது; ஆள் வந்தால் பெட்டியின் மேல் சாக்கைப் போட்டு மூடினார்கள். அவளுடைய அரை ஏக்கருக்கும் கொழுந்தன் ஒன்று மாட்டிக் கொடுத்தான்.

சுதீரின் மாதிரிக்கு விவரம் சேகரித்தவளும் அவள்தான். 'மோட்டாரைப் போடுவது யார்' என்ற இடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு ஃபாரத்திலும் 'கையால்' என்றே எழுதினாள். தன்னுடையதிலும்.

மூன்றாவது முறை பிரேக்கர் திறந்துகொண்ட அன்று மத்தியானம் சுதீர் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தான். தண்ணீர்கூடக் குடிக்காமல் வரைபடத்தைக் காட்டினான். ஆட்கள் நடந்துபோய் ஒவ்வொன்றாகப் போடுவதால் சுமை அரைமணி நேரத்தில் மெதுவாக ஏற வேண்டும். இங்கே ஒரே நொடியில் ஏறுகிறது. மோட்டார் கிளம்பும்போது ஓடுவதைப் போல ஆறு மடங்கு இழுக்கும். எந்த லைனும் தாங்காது என்றான்.

"யாரும் நடந்து போறதில்ல சார்," என்றாள் தேன்மொழி. "பொட்டிதான் போடுது."

"எத்தினி பேர் கிட்ட இருக்குது மேடம்?"

"எல்லார் கிட்டயும். எங்கிட்டயும்."

"ஃபாரம் எழுதினது நீங்கதானே?"

"நான்தான். நெசத்த எழுதினா பொட்டிய கயட்டிடுவாங்க. அப்புறம் இருட்டுல போவணும்."

உதயாவின் கதையைச் சுதீரும் கேட்டிருந்தான்; அவள் அழுவாள் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். வேறு பக்கம் பார்த்தான். அறிக்கையில் இதை எழுதாமல் இருக்க முடியாது என்றான். எழுதுங்கள் என்றாள். பிறகு, அந்தப் பெட்டிக்குள் தாமதம் வைக்க ஒரு திருகு இருக்கிறது, எல்லோரும் அதைப் பூஜ்யத்திலேயே விட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னாள். அவன் அங்கேயே உட்கார்ந்து கணக்கை மாற்றிப் போட்டான். பதினோரு கும்பல், இரண்டிரண்டு நிமிஷ இடைவெளி. லைன் தாங்கியது, லேப்டாப்பில்.

ஞாயிற்றுக்கிழமை காலை பால் சென்டர் எதிரில் கூட்டம். பகல் கரண்ட் வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் பின்னால் வரும் கும்பலில் சேரவும் ஒருவரும் தயாராக இல்லை. அடுத்தடுத்த போர்வெல்; முதலில் ஓடுகிற மோட்டார் தண்ணீரை இழுத்துவிடும். இதைப் பெரிய குரலில் சொன்னவர் நாகையா, உதயாவுக்குச் சித்தப்பா, அடுத்த கழனிக்காரர்.

"அவன் தண்ணிய இழுத்துக்கினு இருப்பான், நான் காத்த இழுத்துக்கினு இருக்கணுமா? சுவிட்ச் உங்கையில கீது தேனு. உன்னுத மொதல்ல போட்டுக்கோ, நாங்க வேடிக்க பாக்கறோம்."

கூட்டம் சிரித்தது.

"என்னுது கடைசி மாமா," என்றாள். "எல்லாத்துக்கும் கடைசி. உங்குளுது அதுக்கு முன்னாடி."

நாகையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து எந்தக் கும்பல் என்று கேட்டுப் பெயர் கொடுத்தார்கள்.

திருகுகளைத் திருப்ப ஆறு நாள் ஆனது. அறிக்கையைப் பார்த்த கரண்ட் ஆபீஸ், சோதனை முடியும்வரை பெட்டிகளை விட்டுவைத்தது; ஆனால் தவறான விவரம் கொடுத்ததற்கு அவளுக்கு மெமோ வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். கடைசியாகத் தன் கழனிக்குப் போனாள். உதயா போன அதே கம்பம். பழைய ஸ்டார்ட்டர் துருப்பிடித்துத் தொங்கியது. அதை யாரும் கழற்றவில்லை. ஏதாவது தோன்றும் என்று ஒரு நிமிஷம் நின்றாள். தோன்றவில்லை. திருகை இருபது நிமிஷத் தாமதத்துக்கு வைத்துப் பெட்டியை மூடினாள்.

மறுநாள் பத்தரை மணிக்குச் சுவிட்சைத் திருப்பினாள். முள் எழுந்து ஐந்தில் நின்றது. இரண்டு நிமிஷம் கழித்துப் பதினொன்று. பிறகு பதினாறு. படியேறுகிற மாதிரி ஏறியது. சோலார் அணையவில்லை. திருப்பதியிலிருந்து சுதீர் இரண்டு முறை போன் செய்தான். அவள் எடுக்கவில்லை, முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து நாற்பத்தெட்டுக்கு நாகையாவின் கும்பல். முள் அறுபத்தொன்றுக்கு வந்தது.

பத்து ஐம்பதுக்கு அவளுடையது. கடைசிக் கும்பலில் அது ஒன்றுதான். மூன்று ஹெச்பி மோட்டார்.

முள் அசையவில்லை. ஒற்றை மோட்டார் அந்த மீட்டருக்குத் தெரியாது என்பது அவளுக்கு முன்பே தெரியும். ஆனாலும் பத்து ஐம்பத்தொன்று வரை பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து எழுதினாள்: 61 ஆம்பியர், எல்லா மோட்டாரும் ஓட்டத்தில்.