வரி நகரும்வரை

என் அக்கா ஒரு செய்திச் சேனலில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தாள். ஒருநாளும் திரையில் வந்ததில்லை. செய்தி வாசிப்பவருக்கு எதிரே, கேமராவின் முன்னால் பொருத்திய கண்ணாடியில் எழுத்துகள் மேலே ஏறிப் போகும். பத்தொன்பது வருடம் அவற்றை ஏற்றியது அவள்தான். கைக்கு அடக்கமான ஒரு கறுப்புத் திருகு. அதைத் திருப்பத் திருப்ப வரிகள் ஏறும்.

"என்னதான்டி வேலை அது?" என்று அத்தை ஒருமுறை கேட்டாள்.

"ஒருத்தர் பேசறார், நான் பின்னாடியே போறேன்" என்றாள் அக்கா. அத்தைக்கு அது வேலையாகவே படவில்லை.

அவள் வரி ஏற்றிக்கொடுத்த வாசிப்பாளருக்கு அலுவலகத்தில் 'கடிகாரம்' என்று பெயர். அரைமணி நேரச் செய்தியை விநாடி பிசகாமல் முடிப்பார். மற்ற வாசிப்பாளர்களுக்கு அது எப்படியென்று கடைசிவரை பிடிபடவில்லை.

பிறகு புது ஸ்டூடியோ வந்தது. மேசையை எடுத்துவிட்டார்கள். சுவர் முழுக்கத் திரை. வாசிப்பவர் அதன் முன்னால் நடந்தபடியே பேச வேண்டும். கேமராக்கள் தாமாகவே நகர்ந்தன. வாசிப்பவரின் குரலைக் கேட்டு வரிகளை ஏற்ற ஓர் இயந்திரமும் வந்திருந்தது. ஒரு வாரம் ஒத்திகை. இயந்திரம் தேறிவிட்டால் அக்காவுக்கு அங்கே நாற்காலி இல்லை. தயாரிப்பாளர் அதை அவளிடம் நேராகவே சொல்லிவிட்டார்.

"தரை கண்ணாடி மாதிரி இருக்குடா. மனுஷன் குளத்துல இறங்கற மாதிரி பாத்துப் பாத்துக் கால் வைக்கிறார்" என்று முதல் நாள் சாயங்காலம் என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

ஆனால் ஒத்திகை சிரிக்கும்படி இல்லை. அவர் "வணக்கம்" என்றார். நின்றார். வரியும் நின்றது. ஆறு விநாடி இருவருக்கும் அசைவில்லை. பொறியாளர் மைக்கை மாற்றினார். மறுநாளும் அதேதான், செய்தி நான்கு நிமிடம் கூடுதலாக இழுத்துக்கொண்டு போயிற்று. மூன்றாம் நாள், "கடிகாரத்துக்கு வயசாயிடுச்சுப்பா" என்று யாரோ முணுமுணுத்தது அக்காவின் காதில் விழுந்தது.

"ஒரே ஒரு தடவை நான் ஓட்டிப் பாக்கறேனே" என்று பொறியாளரிடம் கேட்டாள்.

திருகைக் கையில் வாங்கினாள். வேண்டுமென்றே மெதுவாக்கினாள், அவரும் மெதுவானார். விரட்டினாள், அவரும் ஓடினார். வாக்கியத்தின் நடுவில் நிறுத்தினாள். வாயைத் திறந்தபடி அவர் நின்றார்.

பொறியாளருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அக்கா, நீங்க அவர் பின்னாடி போறீங்கன்னுல்ல நெனச்சேன்!"

"நானும் அப்படித்தாம்ப்பா நெனச்சேன்."

வரி நகர்ந்தால் அவர் பேசுவார். அவர் பேசினால் இயந்திரம் வரியை நகர்த்தும். இருவரும் ஒருவரையொருவர் எதிர்பார்த்து நின்றிருக்கிறார்கள். இதைக் கண்டுபிடித்தவள் அவள் ஒருத்திதான். பொறியாளர் அதை ஒரு வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டார். அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நாற்காலி தப்பியிருக்கும். நேராக மேக்கப் அறைக்குப் போனாள்.

"சார், வரி நகரட்டும்னு நிக்காதீங்க. நீங்க பேசினாத்தான் அது நகரும்."

"நான் எங்கம்மா நிக்கிறேன்?"

"பத்தொம்பது வருஷமா நிக்கறீங்க."

அவர் கண்ணாடியிலேயே அவளைப் பார்த்தார். "அப்போ நேரத்துக்கு முடிச்சதெல்லாம்?"

"இன்னும் இவ்வளவு விநாடிதான்னு எனக்குத்தான் காதுல சொல்வாங்க. நான் கொஞ்சம் வேகமாத் திருகுவேன்."

"அடிப்பாவி! இத வெச்சு வீட்ல எவ்வளவு பீத்திக்கிட்டிருக்கேன் தெரியுமா!"

அடுத்த இரண்டு நாளும் அவரை உட்காரவைத்து, நகராத தாளைக் கொடுத்து வாசிக்கவைத்தாள். வார முடிவில் இயந்திரம் தேறியது. அக்காவைத் திரையின் அடியில் ஓடும் செய்திகளைத் தட்டச்சு செய்யும் அறைக்கு மாற்றினார்கள். மூன்று வருடம் அங்கே இருந்தாள். இந்த வருட ஆரம்பத்தில் இறந்துபோனாள்.

அன்று துக்கத்துக்கு வீட்டுக்கு வந்த அந்த வாசிப்பாளர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலருகிலேயே நின்றார். "முதல் வரியில இன்னும் நிக்கறேன் தம்பி. அது மட்டும் போகல. மெஷினும் கூடவே நிக்குது" என்றார்.

அதன் பிறகுதான் ஏழு மணிச் செய்தியைத் தவறாமல் பார்க்க ஆரம்பித்தேன். "வணக்கம்" சொன்னதும் ஒரு சின்ன இடைவெளி விழுகிறது. கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்தேன். ஒரு விநாடிக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குள் அவர் கண் ஒருமுறை கேமராவின் இடப்பக்கம் போய்வருகிறது. பழைய ஸ்டூடியோவில் அக்கா உட்காரும் இடம் எந்தப் பக்கம் என்று அவரிடம் கேட்க வேண்டும்.