கல்முனைக்குப் போன தறி

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு, தங்கச்சியின் மகன் தன் மோட்டோகுரொஸ் பந்தய மோட்டார் சைக்கிளின் சங்கிலிக்கு எண்ணெய் விட்டான்.

"மாமா, இந்த மோட்டார் சைக்கிள் செய்யிற கொம்பனி முதல்ல தறிதான் செஞ்சதாம்."

எண்ணெய் மணத்தில் சின்ன வயதின் மருதமுனை வீடு நினைவுக்கு வந்தது. தங்கச்சியைப் பெற உம்மா கல்முனை ஆஸ்பத்திரியில் இருந்தா. நான் அழுதுகொண்டே இருந்தேன். மறுநாள் கொடுக்கவேண்டிய சாரனை நெய்துகொண்டிருந்த வாப்பா, தறிப் பலகையில் என்னைப் பக்கத்தில் இருத்தினார்.

"ஏறுங்க மகன், உம்மாக்கிட்டப் போவம்."

மிதிகளை மாறி மாறி மிதித்தார். தறி தடதடத்தது.

"பாண்டிருப்பு வந்திட்டு."

"கெதியா, வாப்பா!"

"ஓம், கெதியாத்தான் போறன். இந்தா, கல்முனை."

"உம்மா எங்க?"

வாப்பாவின் கால்கள் நின்றன. சாரனைப் பாதியில் விட்டு எழுந்து, என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு, கல்முனைக்கு மெய்யாகவே நடக்கத் தொடங்கினார்.