இரண்டு கருப்புக் கோடுகள்

சின்னசேலம் தெய்வசிகாமணி என்றால் யாருக்கும் தெரியாது. சிகாமணி அண்ணன் என்றால் கள்ளக்குறிச்சி ஸ்கேன் சென்டர்கள் எல்லாவற்றுக்கும் தெரியும். கரும்பு வெட்டுகிற குடும்பத்தில் பிறந்து, டிப்ளமோ படித்து, எக்ஸ்ரே, ஸ்கேன் மெஷின் எதுவானாலும் பிரித்து மேய்கிற ஆள். நான் எழில்மதி, அவர் பார்த்துக்கொள்ளும் சென்டர் ஒன்றில் ரிப்போர்ட் அடிக்கிறவள். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதத்தான் ஆசை. முடியுமா என்று தெரியவில்லை.

வயிற்றில் வைத்துத் தேய்க்கிற கருவியைப் புரோப் என்போம். பார்க்க ஷேவிங் மெஷின் மாதிரி இருக்கும். அதன் முகத்துக்குள் நூற்று இருபத்தெட்டு படிகத் துண்டுகள் வரிசையாக இருக்கின்றன என்று அண்ணன்தான் சொன்னார். ஒவ்வொன்றும் நம் காதுக்கு எட்டாத சத்தம் போடும், அது உள்ளே பட்டுத் திரும்புவதைத் தானே கேட்கும். அதை வைத்துத்தான் படம். ஒரு துண்டுக்குப் போகிற கம்பி அறுந்தால் அது ஊமை. படத்தில் அந்த இடத்தில் மேலிருந்து கீழே கருப்புக் கோடு விழும். எது ஊமை என்று கண்டுபிடிக்க அண்ணனுக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கூட்டிப் பெருக்குகிற தைலம்மாளின் தாலிக்கயிற்றில் தொங்கும் ஊக்கு ஒன்றைக் கேட்டு வாங்கி, புரோப்பின் முகத்தில் ஓரத்திலிருந்து மெல்ல நகர்த்துவார். ஊக்கு படுகிற இடமெல்லாம் திரையில் வெள்ளையாகத் தெரியும். தெரியாத இடம் செத்த இடம். உனக்கு வேலை தெரியுமோ தெரியாதோ, என் ஊக்குக்குத் தெரியும் என்று தைலம்மாள் கேலி செய்யும்.

போன வருஷம் ஆடியில் எங்கள் புரோப்பில் அடுத்தடுத்து நாலு துண்டு செத்தது. புதுசு வர மூன்று மாதம் ஆகும் என்றார்கள். அண்ணன், படத்தில் இடப்பக்கம் ஒரு கோடுதானே, சாய்த்துப் பார்த்துச் சமாளிக்கலாம் என்றார். சமாளிக்கலாம் என்பது அவர் வாயில் மந்திரம். எங்கள் டாக்டரும் பழகிக்கொண்டார். அப்புறம் மகள் பிரசவத்துக்காக டாக்டர் இரண்டு வாரம் லீவு போட, கடலூரிலிருந்து வேறொரு டாக்டர் வந்தார். புது ஆள் கோட்டைப் பார்த்துக் குழம்பக் கூடாதே என்று, மெஷினில் ஒரு சீட்டு ஒட்டச் சொன்னார் அண்ணன். அவர் எழுத்து கோழிக் கிறுக்கல். அதனால் நான்தான் ஸ்கெட்ச் பேனாவில் எழுதினேன்: 'இடப்பக்கம் தெரியும் கருப்புக் கோடு மெஷின் கோளாறு. நோய் அல்ல.' அழகாக எழுதியிருக்கிறேன் என்று பெருமை வேறு.

அந்த வாரம்தான் கல்வராயன் மலையிலிருந்து காசியம்மாள் வந்தாள். மரவள்ளிக் காட்டில் களையெடுக்கக் குனிந்தால் வலது விலாவுக்குக் கீழே குத்துகிறது, சாப்பிட்டால் ஜாஸ்தியாகிறது என்றாள். புது டாக்டர் படத்தைப் பார்த்தார், சீட்டையும் பார்த்தார். பித்தப்பை நார்மல் என்றார். நான் அப்படியே அடித்துக் கொடுத்தேன்.

நாலு மாதம் கழித்து காய்ச்சலும் காமாலையுமாக அவளைச் சேலத்துக்குத் தூக்கிப் போனார்கள். பித்தப்பையில் கல், சீழ் வைத்துவிட்டது. மூன்றாம் நாள் போய்விட்டாள். அங்கிருந்து பழைய படத்தைக் கேட்டார்கள். நானும் அண்ணனும்தான் தேடி எடுத்தோம். படத்தில் கோடு இரண்டு இருந்தது. மெஷின் கோடு தோலிலிருந்தே ஆரம்பிக்கும். அதை ஒட்டி இன்னொன்று, பித்தப்பைக்குள் பாதியில் ஆரம்பித்தது. கல்லின் நிழலும் கருப்புக் கோடாகத்தான் விழும். சீட்டை நம்பி அதையும் மெஷின் கோளாறு என்று விட்டிருக்கிறார் புது டாக்டர். தோலிலிருந்து தொடங்கும் கோடு மட்டும் என்று சீட்டில் சேர்த்திருந்தால் போதும். அது அண்ணனுக்கு நன்றாகத் தெரியும். சீட்டு எழுதும்போது சொல்லத் தோன்றவில்லை. படத்தை அனுப்பினோம். சேலத்திலிருந்து அப்புறம் ஒரு கேள்வியும் வரவில்லை.

சொல்லாவிட்டால் சோறு இறங்காது என்று, காரியம் முடிந்ததும் அண்ணன் பைக்கில் மலைக்குப் போனார். காசியம்மாளின் புருஷன் ராமசாமி பாய் போட்டு உட்காரவைத்து டீ கொடுத்தாராம். இவர் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்ததும், வேலைக்குப் பயந்து நடிக்கிறாள் என்று ஊரே பேசியிருக்கிறது. வேஷக்காரி என்று பேரே வைத்துவிட்டார்கள். அவரும் நம்பி, ஒருநாள் காட்டுக்கு வரமாட்டேன் என்றவளை அடித்திருக்கிறார்.

"மெஷினு பொய் சொல்லாதுங்களே? நான் அடிச்சப்ப அவளுக்கு ஒண்ணும் இல்லதானுங்களே? நோவு பின்னால வந்ததுதானே?"

"ஆமாங்க. பின்னால வந்ததுதான்" என்று சொல்லிவிட்டு, அண்ணன் டீயைக் குடித்து மலையிறங்கிவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம். செத்தவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டு வந்திருக்கிறீர்களே, அதற்குப் போகாமலே இருந்திருக்கலாமே என்று கத்தினேன்.

"நெஜத்தச் சொன்னா, நோவுல கெடந்தவள அடிச்சோம்னு அந்தாளு எப்டி மதி உசுரோட இருப்பான்? அந்த மொகத்தப் பாத்துக்கினு எனக்கு வாய் வரல."

அது பாதி உண்மை. மீதி பயம். அதையும் அவரே ஒத்துக்கொண்டார்.

மலையில் காசியம்மாள் இன்னும் வேஷக்காரிதான். வலிக்கிறது என்று அவள் சொன்னது அன்றைக்கே உண்மை என்பதற்குச் சாட்சியாக அந்தப் படம் எங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. கல்வராயன் மலை ஏறும் வெள்ளிமலை பஸ் தினமும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகிறது. அவ்வளவு கத்திய நானும் இன்றுவரை அதில் ஏறவில்லை.