டிரெசரின் இரண்டு அவுன்ஸ்

டிரெசர் வைத்திலிங்கம் இறந்த செய்தி வந்தபோது கோயில் மண்டபத்தில் குடியுரிமைப் பாரங்களைப் பூர்த்தி செய்துகொண்டிருந்தேன். நாட்டுக்கு மெர்டேக்கா என்னும் சுதந்திரம் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு அதுதான் வேலை. எழுதத் தெரியாதவர்கள் வரிசையாக நிற்பார்கள். பிறந்த ஊரைக் கேட்டால் தோட்டத்தின் பெயரைச் சொல்வார்கள். பல தலைமுறைகளாக மலாய் பேசும் மலாக்கா செட்டிகளில் ஒருவர், தமிழ் பேசத் தெரியாதவர், வாசலில் நின்று, "டிரெசர் சுடா தாடா" என்றார். டிரெசர் போய்விட்டார். அந்த மனிதரின் மூன்று பிள்ளைகளுக்கும் பிரசவம் பார்த்தவர் டிரெசர்தான். செட்டி அழுதுகொண்டே சொன்னார்.

என் முன்னால் இருந்த பாரக் கட்டுக்குள் டிரெசருடையதும் இருந்தது. விண்ணப்பிப்பவரின் நன்னடத்தைக்குச் சாட்சி சொல்பவர் என்ற இடத்தில் என் பெயரைத்தான் போடச் சொல்லியிருந்தார். கையெழுத்திட்டபோது பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை, செய்தி வந்த அன்று மாலைவரைதான் நிலைத்தது.

எங்கள் ஊர்ச் சங்கத்தின் நினைவு மலருக்கு டிரெசரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். "நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க" என்றார் செயலாளர். நல்லதும் இருக்கிறது, எழுதுகிறேன். ஆனால் அதை மட்டும் எழுத என்னால் முடியாது.

காஜா பெராங்கில் டாக்டர் இல்லை, டிரெசர் இருந்தார். மலாக்கா ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுவதும் ஊசி போடுவதும் அவர் உத்தியோகம். அது முடிந்தால் சைக்கிளில் தோல்பையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவார். நெஞ்சில் குழாயை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் வீட்டில் அழுகிற குழந்தைகூட அடங்கிவிடும். இதை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள்.

மதுவிலக்குப் பிரச்சாரத்துக்கு நானும் அவரும் சேர்ந்துதான் போவோம். பத்து பெரெண்டாம் என்ற ஊரின் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்குச் சம்பள நாளில் போய், கள்ளுக்கடைக்கு எதிரே மேசை போட்டு நிற்போம். சந்தையில் வாங்கிய ஓர் ஆட்டு இருதயத்தையும் ஓர் எருமை இருதயத்தையும் இரண்டு கைகளிலும் தூக்கிக் காட்டுவார். "குடிச்சா இது அது மாதிரி வீங்கிடும். பெருசானா பலம்னு நினைக்காத. பழைய ரப்பர் வார் மாதிரி, இழுத்தா திரும்பாது" என்பார். மரம் சீவுகிறவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பிறகு கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வைப்போம். சத்திய வாசகம் நான் எழுதியது: கள்ளையும் சம்சு சாராயத்தையும் தொடமாட்டேன். பிராந்தியைச் சேர்க்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அது எங்கள் வீட்டு அலமாரிகளில் இருந்தது.

முனியாண்டி என்ற மரம் சீவுகிறவர் ஒருமுறை கூட்டத்தில் எழுந்து கேட்டார்: "நாங்க குடிச்சா குடி, ஆபீஸ் கிராணிமாருங்க குடிச்சா மருந்தாங்கய்யா?"

டிரெசர் சிரித்தார். "நீ வாளியில குடிக்கிற. நாங்க அவுன்ஸ்ல குடிக்கிறோம்."

இந்தப் பதிலை நாங்கள் பல வருடங்கள் சொல்லிச் சொல்லி ரசித்தோம்.

சனிக்கிழமை மாலைகளில் என் அண்ணன் துரைசாமியின் வீட்டில் கூடுவோம். அண்ணன் தோட்ட ஆபீஸில் தலைமைக் கிராணி, குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலானவர். டிரெசர், நான், தபால் ஆபீஸ் கணபதி. மருந்து அளக்கிற கண்ணாடியில்தான் பிராந்தி ஊற்றப்படும். கள் உடம்பைக் கெடுக்கும், பிராந்தி நெஞ்சுக்குத் தெம்பு என்பது டிரெசரின் வாக்கு. காய்ச்சலில் எழுந்தவர்களுக்கும், வயதானவர்களுக்கும், மூச்சு வாங்குகிறவர்களுக்கும் மருந்துச் சீட்டிலேயே 'பிராந்தி இரண்டு அவுன்ஸ்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அண்ணன் கேலி செய்வார்: "வைத்தி, இந்த மருந்துக்குப் பத்தியம் என்னாய்யா?" டிரெசர் முகம் மாறாமல், "வறுத்த கோழி" என்பார். ஒவ்வொரு முறையும் இரண்டு அவுன்ஸ்தான். எத்தனை முறை என்பதை யாரும் அளக்கவில்லை.

மெர்டேக்காவுக்கு முன்பே அண்ணனுக்குக் கால் வீங்கத் தொடங்கியது. ஆபீஸ் படியேறினால் நடுவில் நின்றுவிடுவார். படுத்தால் மூச்சு முட்டும். டிரெசர்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். வெள்ளைக்கார டாக்டர் அண்ணனைப் பார்த்துவிட்டு, டிரெசரைத் தனியே கூப்பிட்டு வெகுநேரம் பேசினார். வெளியே வந்த டிரெசர், இருதயம் களைத்திருக்கிறது, ஓய்வு போதும் என்றார். அண்ணி, "அந்த மருந்து குடுக்கலாமா?" என்று கேட்டார்.

டிரெசர் குனிந்து பையை மூடிக்கொண்டே சொன்னார்: "வழக்கம்போல ரெண்டு அவுன்ஸ்."

அண்ணி அந்தப் பாட்டிலைத் தொடமாட்டார். அதனால் தினமும் ஆபீஸ் முடிந்து போய் நான்தான் ஊற்றிக் கொடுப்பேன். அண்ணன் கெஞ்சினால் சில நாள் இன்னொரு அவுன்ஸ். சனிக்கிழமைக் கூட்டமும் நிற்கவில்லை. டிரெசர் மட்டும் ஒரு சிறிய மருந்துப் பாட்டிலில் தன் பங்கைத் தானே கொண்டுவரத் தொடங்கினார். ஆஸ்பத்திரிச் சரக்கு உசத்தியோ என்று நாங்கள் கிண்டல் செய்தோம்.

அதிலிருந்து ஒன்பதாம் மாதம் அண்ணன் இறந்தார். பதினாறாம் நாள் அண்ணி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "நீ அளந்துதான் ஊத்துனியா?" ஆமாம் என்றேன். அவர் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. அந்த மூன்றாவது அவுன்ஸ்தான் அண்ணனைக் கொன்றது என்று நான்கு வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். டிரெசரிடமே அதைச் சொல்லி அழுதிருக்கிறேன். "விதி, தம்பி" என்று என் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

அவருடைய சாவு வீட்டுக்கு வருகிறேன். இறந்தவருக்குப் பிடித்ததைத் தலைமாட்டில் வைப்பது நம் வழக்கம். வெற்றிலை வைத்தார்கள், சுருட்டு வைத்தார்கள். கணபதி ஒரு கண்ணாடியில் இரண்டு அவுன்ஸ் பிராந்தியை அளந்து கொண்டுவந்தார். டிரெசரின் மனைவி காமாட்சி அம்மாள் அதைக் கையால் தடுத்தார்.

"அத வைக்காதீங்க. அவரு தொட்டு நாலு வருஷத்துக்கு மேல ஆச்சு."

துக்கத்தில் பேசுகிறார் என்று எல்லோரும் நினைத்தோம். சற்றுக் கழித்து என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார். மருந்துப் பாட்டிலில் வந்தது ஆறிப்போன தே ஓ, பால் சேர்க்காத வெறும் தேநீர் என்றார். வெள்ளைக்கார டாக்டர் அன்று சொன்னது இதுதானாம்: அண்ணனின் இருதயம் குடியால் வீங்கியிருக்கிறது, கள்ளென்ன பிராந்தியென்ன, இருதயத்துக்கு எல்லாம் ஒன்றுதான், இப்போதே நிறுத்தினால் பிழைக்க வழியுண்டு. டிரெசர் வீட்டுக்கு வந்ததும் தன் பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தாராம்.

"துரைசாமி அண்ணங்கிட்ட சொன்னீங்களான்னு கேட்டேன் தம்பி. ஊரு பூரா ரெண்டு அவுன்ஸ் எழுதிக் குடுத்தவன் நானு, இப்ப எந்த மூஞ்சியோட மாத்திச் சொல்றதுன்னாரு. நானும் வெளிய சொல்லல. என்னையும் சேத்துத் திட்டு."

நான் யாரையும் திட்டவில்லை. கூடத்தில் அவர் படுத்திருந்தார், தாடையைக் கட்டி, சாந்தமாக. பழைய வருடங்களின் குடி அவரையும் விடவில்லை. அதே இருதயத்தால்தான் போனார். ஆனாலும் நிறுத்தியதால் அவருக்கு நான்கு வருடங்கள் கிடைத்தன. பேரப்பிள்ளையைப் பார்த்தார், மெர்டேக்காவைப் பார்த்தார். என் அண்ணனுக்கும் கிடைத்திருக்கக்கூடிய வருடங்கள் அவை. சனிக்கிழமை தோறும் எதிரே உட்கார்ந்து, தன் கண்ணாடியில் தேநீரை வைத்துக்கொண்டு, அண்ணன் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அண்ணியிடம் ஓடினேன். அண்ணன் போனது என் கையால் அல்ல, டிரெசர் வாயால் என்று சொன்னால் நான்கு வருடப் பாரம் இறங்கும் என்று எண்ணினேன். அண்ணி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டார். "இப்ப உனக்கு நிம்மதியா?" என்றார். "எனக்கு ஒண்ணும் மாறல. கணபதி வீட்டுல போய்ச் சொல்லு. அவரு காலு வீங்கியிருக்கு, கோயில்ல பாத்தேன்."

போய்ச் சொன்னேன். செத்தவர் மேல் பழி போடாதே என்று கணபதி கோபித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கும் போய்ப் புதிய டாக்டரைக் கேட்டேன். குடி இருதயத்தின் தசையைத் தளர்த்தும், இரத்த அழுத்தத்தை ஏற்றும், ஈரலைக் கெடுக்கும்; பாட்டிலின் விலையைப் பார்த்து எதுவும் மாறாது என்றார். கணபதி, வாயால் சொன்னதை நீ நம்பவில்லை. அச்சில் வந்ததை நம்புவாய் என்பதால் இங்கே எழுதுகிறேன். டிரெசர் எழுதிய சீட்டை மடித்து வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துத்தான். அதை அவரே கைவிட்டுவிட்டார். உங்களிடம் சொல்லத்தான் அவருக்கு முகமில்லை.

இனி, அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது. என் மகளுக்கு ஒன்பது வயதில் கணுக்காலில் சீழ் வைத்து, பாதத்தையே எடுக்க வேண்டும் என்றார்கள். டிரெசர் பொறுக்கச் சொன்னார். மழைக்காலம் முழுக்கச் சைக்கிளில் வந்து, மண்டியிட்டு, தன் கையால் சீழைத் துடைத்துக் கட்டினார். அவள் இன்று ஆசிரியை. காஜா பெராங் சாலையில் தினமும் பள்ளிக்கு நடந்து போகிறாள். டிரெசருக்கு ஆண் பிள்ளை இல்லை. பாடை தூக்க ஓர் ஆள் குறைந்தபோது என்னைக் கூப்பிட்டார்கள். அடுப்படியில் கேட்டது காதில் இருக்கும்போதே தோள் கொடுத்தேன், என் மகளின் காலுக்காக. அண்ணனுக்காக அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டிருந்தால் அதையும் கொடுத்திருப்பேனோ என்னவோ. அவர் கேட்கவில்லை.