ஃபேக்டரிப் பக்கத்துச் சுவர்

ஜெகதளா போகும் வழியில், மூடிக் கிடந்த தேயிலை ஃபேக்டரியை இடித்துவிட்டு அடுக்குமாடி வீடுகள் கட்டியிருக்கிறார்கள். வாங்க வருபவர்களுக்குக் காட்டும் மாதிரி வீட்டில் ஈரச் சிமெண்ட் வாசம் இன்னும் போகவில்லை. அதைச் சுற்றிக் காட்டிய இளைஞர் என் கையைச் சுவரில் வைக்கச் சொன்னார். "தொட்டுப் பாருங்க சார், ஹீட்டர் உள்ளயே இருக்குதுங்க."

இதே இடத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டியிருந்த எங்கள் லைன் வீட்டின் பின்சுவரும் சூடாகத்தான் இருந்தது. அந்தப் பக்கம் ஃபேக்டரியின் தேயிலை காயவைக்கும் அடுப்பு இருந்தது, அப்பா அதற்கு விறகு போடுபவர். மழைக்காலம் முழுக்க அம்மா அந்தச் சுவரையொட்டித் துணி உலர்த்துவார், துணிகளுக்குக் கீழே இளைப்பு நோயுள்ள என் தங்கை செல்வி சுவரில் முதுகை ஒட்டிப் படுத்திருப்பாள், மெஷின்களின் கடகடப்புக்கு நடுவே அவள் மூச்சின் விசில் சத்தம் மெல்லக் குறைந்து அடங்கும்.

"ஏனுங்க்கா, அந்தச் சுவத்த எங்களுக்கும் ஒரு ராத்திரி குடுக்கறது" என்று பக்கத்து வீட்டு மரகதம் கேலி செய்வார்.

"பேத்து எடுத்துட்டுப் போ. மழ நின்னதும் கொண்டாந்து குடுத்துரு" என்பார் அம்மா.

ஃபேக்டரியை மூடப்போவதாக யாரும் எங்களிடம் சொல்லவில்லை. ஆடி மாதத்தில் ஒரு காலை சுவர் குளிர்ந்திருந்தது, சில நாளில் அதில் நீர் கசிந்தது. அம்மா செல்வியின் பாயை அறையின் நடுவுக்கு இழுத்துப் போட்டார். தூக்கத்தில் அவள் உருண்டு உருண்டு சுவருக்கே போவாள், அப்பா எழுந்து தூக்கி வந்து படுக்கவைப்பார்.

ஐப்பசி அடைமழையில் அவள் இறந்துபோனாள். அதன் பிறகும் அப்பா இரவில் எழுந்து, சுவரோரம் கையால் துழாவிக்கொண்டிருந்தார்.