கொக்குக்கு நான் மாப்பிள்ளையாக இருந்த காலம்

வளைகுடாவில் ஒரு பறவைப் பூங்காவில் வேலை பார்த்தபோது தினமும் காலையில் ஒருத்தியோடு ஆடுவேன். என் மனைவிக்கும் தெரியும். ஒருத்தி என்றால் மகுடக் கொக்கு. ஆப்பிரிக்கப் பறவை. இடுப்பளவு உயரம், விளக்குமாற்றுக் குச்சிகளைத் தங்கத்தில் செய்து தலையில் விரித்த மாதிரி கொண்டை.

முதல் நாள் அது சிறகை விரித்துக் குதித்து வந்ததும், தீனி வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கூட வேலை பார்த்த உகாண்டாக்காரர், அது கொத்த வரவில்லை, கல்யாணம் பேச வந்திருக்கிறது என்றார்.

குஞ்சிலேயே சதுப்பு நிலத்துக் கூட்டிலிருந்து பிடித்து எவனோ பணக்காரன் தோட்டத்தில் வளர்த்தது. தன் இனத்தையே பார்த்ததில்லை. மனிதன்தான் இணை என்று நினைத்துவிட்டது. காட்டில் இவை குறைவதற்கு இப்படிப் பிடிப்பதும் ஒரு காரணம். பூங்காவில் குஞ்சு பொரித்தால் காட்டுக் கூட்டில் கைவைக்க வேண்டாமே என்று ஓர் ஆண் கொக்கைக் கொண்டுவந்தார்கள். இது திரும்பியும் பார்க்கவில்லை. "நீ இருக்கிறவரை பார்க்காது" என்று மேலாளர் என்னை லீவில் காரைக்குடிக்கு அனுப்பிவிட்டார்.

வந்த வாரமே உகாண்டாக்காரரிடமிருந்து செய்தி: தீனி எடுக்க மாட்டேன் என்கிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டிக்கெட்டை மாற்றக் கிளம்பியவனை மனைவி வாசலில் மறித்தாள்.

"சட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டு எங்குட்டுக் கிளம்பிட்டீக? நான் காய்ச்சல்ல கெடந்தப்ப ஒரு போனோட சரி. கொக்குக்கு ஃபிளைட்டா?"

"செத்துப் போயிரும்டி!"

"நீங்க போனீகன்னா ஆயுசுக்கும் உங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கும். பொறுங்க. நான் பொறுக்கலயா?"

பொறுத்தேன். அதாவது, போனை வெறித்துக்கொண்டு பிரியாணியைத் தொடாமல் இருந்தேன்.

"அதுவும் பட்டினி, நீங்களும் பட்டினி. நல்ல சோடி!"

அப்புறம் ஒரு வீடியோ வந்தது. ஆண் கொக்கு தலை குனிந்தது. இவள் ஒரு புல்லைப் பிடுங்கி மேலே எறிந்தாள், எனக்கு எறிகிற அதே மாதிரி. இரண்டும் குதித்து ஆடின.

மனைவி எட்டிப் பார்த்தாள். "புது மாப்பிள்ளை உங்களவிட நல்லாவே ஆடுறாரு."

சிரித்தேன். கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

திரும்பிப் போனதும் என்னைக் கிளிகளுக்கு மாற்றினார்கள். கொக்குக் கூண்டைச் சுற்றிப் பச்சைத் துணி; முட்டை வைத்திருக்கிறது, என் முகம் தெரியக் கூடாதாம். வேலை முடிந்ததும் துணிக்கு இந்தப் பக்கம் போய் நிற்பேன். உள்ளே இரண்டும் சேர்ந்து கூப்பிடும். ஊரோடு வந்துவிட்ட பிறகும் காலையில் டீ குடிக்கும்போது அந்தச் சத்தம் காதில் கேட்கிறது. அன்றைக்கு அந்தத் துணியோரம் நிற்கும்போது இருமல் வந்தால்கூட வாயைப் பொத்திக்கொள்வேன். என் குரல் கேட்டு முட்டையை விட்டு எழுந்து வந்துவிட்டால் என்ன செய்வது?